காலையில் பார்க்கலாம் என்று படுக்காதீர்கள்

கேள்வி: டாக்டர், நாங்கள் மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். மகனுக்கு எட்டு வயது, 22 கிலோ. ஹீமோபிலியா ஏ, அதாவது ரத்தம் சரியாக உறையாத நோய், கடுமையான வகை. ரத்தம் உறைவதற்கு ஃபேக்டர் என்கிற ஊசி போடுகிறோம். போன மாதம் ஒரு ராத்திரி சாப்பிட்டு எழுந்ததும் "அம்மா, முட்டிக்குள்ள என்னமோ குறுகுறுங்குது" என்றான். தொட்டுப் பார்த்தேன், வீக்கமே இல்லை. எங்கள் அத்தை, அதாவது மாமியார், "விளக்கெண்ணெய் தடவிப் படுக்க வை, காலையில பாத்துக்கலாம். சும்மா சும்மா ஃபேக்டர் போட்டா உடம்பு அதுக்கே பழகிடும், அப்புறம் நெசமா வேணும்கிறப்ப கேக்காது" என்றார். விடிந்தால் முட்டி வீங்கிக் காலை நீட்டவே முடியவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பல நாள் ஃபேக்டர் போட்டார்கள். இப்போதும் லேசாக நொண்டுகிறான். நர்ஸ் அம்மா வீட்டிலேயே ஊசி போடக் கற்றுக்கொள்ளச் சொல்கிறார், எனக்குக் கை நடுங்குகிறது. எங்கள் ஊரில் கரண்டும் நிலையில்லை. வேலூரில் ஒரே தடவையில் குணமாக்குகிறார்களாமே? சொந்தத்தில் கட்டியதால்தான் (அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறேன்) இப்படி என்று ஊரே பேசுகிறது. 12 வயதில் ஒரு பெண்ணும் இருக்கிறாள், அவளுக்கும் வருமா?

பதில்:

அம்மா, உங்கள் பையன் அன்றைக்கு ராத்திரி சொன்னதுதான் சரியான தகவல். வீட்டில் இருந்த பெரியவர்கள் யாரும் அதை நம்பவில்லை, அவ்வளவுதான் நடந்தது.

மூட்டுக்குள் ரத்தம் கசியத் தொடங்கும்போது முதலில் தெரிவது வீக்கம் இல்லை. உள்ளே ஒரு குறுகுறுப்பு, லேசான சூடு, இறுக்கம், "மடக்கினா ஒரு மாதிரியா இருக்கு" என்கிற சொல்ல முடியாத அசௌகரியம், இதெல்லாம்தான் முதலில் வரும். வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு ஒன்றும் தெரியாது, அவனுக்குத் தெரியும். பல தடவை ரத்தக்கசிவு வந்த பிள்ளைகள் இதை ரொம்பத் துல்லியமாகச் சொல்வார்கள், டாக்டரை விட முன்னால் சொல்வார்கள். கண்ணுக்கு வீக்கம் தெரிகிற நேரத்தில் மூட்டுக்குள் ஏற்கெனவே நிறைய ரத்தம் சேர்ந்திருக்கும். ஆகவே அவன் சொன்ன நேரம்தான் ஃபேக்டர் போட வேண்டிய நேரம், முடிந்தால் 2 மணி நேரத்துக்குள். சந்தேகமாக இருக்கிறதா, பொய் சொல்கிறானோ, பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் இருக்க நடிக்கிறானோ என்று தோன்றுகிறதா, அப்படித் தோன்றினாலும் போட்டுவிடுங்கள். தேவையில்லாமல் ஒரு குப்பி போட்டுவிட்டால் நட்டம் ஒரு குப்பி. போட வேண்டிய நேரத்தில் போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் நீங்கள் பார்த்துவிட்டீர்களே. ராத்திரியில் வாய்க்கால் கரை உடைத்துக்கொண்டு வயலுக்குள் தண்ணீர் இறங்கினால், விடியட்டும் பார்க்கலாம் என்று உங்கள் வீட்டில் யாராவது படுப்பார்களா?

சரி, கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் ஃபேக்டரை மிச்சப்படுத்துகிறோம் என்று நினைத்துத்தான் பல வீடுகளில் காத்திருக்கிறார்கள். உங்கள் மகனுக்குக் குறைவாக இருப்பது ரத்த உறைவுக் காரணி 8. கடுமையான வகை என்றால் அவன் ரத்தத்தில் அது 1 சதவீதத்துக்கும் கீழே இருக்கிறது. கிலோவுக்கு 1 யூனிட் ஃபேக்டர் 8 போட்டால் ரத்தத்தில் ஏறக்குறைய 2 சதவீதம் ஏறும். 22 கிலோ பிள்ளைக்கு 500 யூனிட் குப்பி ஒன்று முழுதாகப் போனால் 45 சதவீதம் வரை ஏறிவிடும். மூட்டில் ஆரம்ப நிலைக் கசிவை நிறுத்துவதற்கு 40 முதல் 60 சதவீதம் வரை இருக்கட்டும் என்பார்கள், ஆக ஒரு குப்பியிலேயே அந்த அளவு வந்துவிடுகிறது. ஆனால் ஏறியது அப்படியே நிற்காது. 8 முதல் 12 மணி நேரத்தில் பாதியாகிவிடும், சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் சீக்கிரம் இறங்கும். அதனால்தான் வலி, இறுக்கம் குறையவில்லை என்றால் 12 மணி நேரம், 24 மணி நேரம் கழித்து அடுத்த ஊசி. ஆரம்பத்திலேயே பிடித்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு ஊசியோடு முடிந்துவிடும். வீங்கி முட்டி நிரம்பிய பிறகு போனால் அதே முட்டிக்கு நாள் கணக்கில் போட வேண்டியிருக்கும். அத்தை மிச்சம் பிடித்த ஒரு குப்பிக்கு எத்தனை குப்பி செலவானது என்று உங்கள் டிஸ்சார்ஜ் அட்டையில் எழுதியிருக்கும், எடுத்துக் காட்டுங்கள்.

செலவு கூடப் பரவாயில்லை, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்தான். முட்டிதான் பிரச்சினை. மூட்டுக்குள் தேங்கிய ரத்தத்தை உள்பக்கச் சவ்வு உறிஞ்சுகிறது. ரத்தத்தில் உள்ள இரும்புச் சத்து அந்தச் சவ்வைப் புண்ணாக்கித் தடிக்க வைக்கிறது. தடித்த சவ்வில் புதிதாக மெல்லிய ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன, அவை சும்மா நடந்தாலே கசிகின்றன. ஆகவே ஒரு தடவை கசிந்த முட்டியே மறுபடி மறுபடி கசியும். ஆறு மாதத்துக்குள் ஒரே மூட்டில் மூன்று தடவை தானாகவே கசிந்தால் அதை டார்கெட் ஜாயிண்ட் என்போம். அப்படியே போனால் குருத்தெலும்பு தேய்ந்து, முப்பது வயதுக்காரனுக்கு எழுபது வயதுக்காரர் முட்டி வந்துவிடும். டெல்டாவில் ஃபேக்டர் இப்போதுபோல் கிடைக்காத காலத்தில் வளர்ந்தவர்களைப் பார்த்தால் தெரியும், கால் மடங்கியபடியே நின்றுபோனவர்கள் இருக்கிறார்கள். உங்கள் மகன் அந்தத் தலைமுறை இல்லை.

இப்போதைய நொண்டலைப் பற்றி: கசிவு நின்ற பிறகும் தொடைத் தசை மெலிந்திருக்கும், அதனாலும் நொண்டுவான், உள்ளே சவ்வு வீங்கியிருந்தாலும் நொண்டுவான். இரண்டையும் வீட்டிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு மாதம் ஆகியும் நொண்டுகிறான் என்றால் முட்டியை ஸ்கேன் பார்த்து, பிசியோதெரபிஸ்டிடம் காட்டியே ஆக வேண்டும், இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

அப்புறம் அந்த விளக்கெண்ணெய். எண்ணெய் ஒன்றும் செய்யாது, தேய்க்கிற கைதான் கெடுக்கும். கசிகிற மூட்டை நீவுவது, உருவுவது, சூடு ஒத்தடம், பத்து, கட்டுப் போடுகிறவரிடம் கொண்டுபோய் இழுத்துக் கட்டுவது, எதுவும் கூடாது. ஃபேக்டர் போட ஏற்பாடு ஆகிற வரை முட்டியை அசைக்காமல் தலையணை மேல் உயர்த்தி வைத்து, ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி 15 நிமிடம் வைத்து எடுங்கள், மறுபடி கொஞ்ச நேரம் கழித்து வையுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம். ஆஸ்பிரின், இபுப்ரோஃபன், டைக்ளோஃபெனாக் மூன்றும் அவனுக்கு ஆகாது, அவை ரத்தம் நிற்பதை இன்னும் தாமதமாக்கும். இதை விடப் பெரிய ஆபத்து ஒன்று நம் ஊரில் இருக்கிறது. கடைத்தெரு கிளினிக்கில், காய்ச்சல் என்று போனாலும் கால்வலி என்று போனாலும் இடுப்பில் ஒரு ஊசி போட்டு அனுப்புவார்கள். தசையில் போடுகிற ஊசி ஃபேக்டர் போடாமல் அவனுக்குப் போடவே கூடாது, அந்த இடத்தில் ரத்தம் கட்டிப் பெரிய பிரச்சினையாகும். போன உடனேயே ஹீமோபிலியா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லியும் "ஒண்ணும் ஆகாதும்மா" என்கிறவர் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். தடுப்பூசி வேறு விஷயம், அதை நிறுத்தாதீர்கள். தோலுக்கடியில் போடலாமா என்று கேளுங்கள். தசையில்தான் போட வேண்டும் என்றால் எப்படிப் போடுவது, முன்னால் ஃபேக்டர் வேண்டுமா என்று உங்கள் ஹீமோபிலியா டாக்டரைக் கேட்டு, மெல்லிய ஊசியில் போட்டு அந்த இடத்தைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள்.

"பழகிவிடும்" என்பதற்கு வருகிறேன். ஃபேக்டர் போதைப் பொருள் இல்லை, தூக்க மாத்திரை இல்லை. மற்றவர்கள் உடம்பில் தானாக ஊறுகிற ஒரு புரதம் உங்கள் மகன் உடம்பில் ஊறவில்லை, அதை வெளியிலிருந்து ஊற்றுகிறோம். அடிக்கடி போட்டதால் உடம்பு சோம்பிப்போய்த் தானாகச் செய்வதை நிறுத்திவிடும் என்று பயப்பட அங்கே நிறுத்துவதற்கு ஒன்றும் இல்லை.

ஆனால் உங்கள் மாமியார் சொன்னதன் பக்கத்தில் ஒரு உண்மை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஃபேக்டர் 8 பிறவியிலேயே இல்லாத உடம்பு, வெளியிலிருந்து வருவதை அந்நியப் பொருள் என்று நினைத்து எதிர்ப்புப் புரதம் தயாரித்துவிடலாம். இதை இன்ஹிபிட்டர் என்கிறோம். கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ளவர்களில் 100 பேரில் 25 முதல் 30 பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் இது வருகிறது. ஊசி போட்ட நாட்களை மட்டும் எண்ணினால் பெரும்பாலும் முதல் 50-க்குள், அதிலும் முதல் 20-க்குள்தான் அதிகம், பிறகு வாய்ப்புக் குறைந்துகொண்டே போகும். இது ஊசியைச் சேமித்து வைத்துத் தவிர்க்கிற விஷயம் இல்லை. வழக்கமாக நிற்கிற அளவில் கசிவு நிற்கவில்லை, முன்பு ஒரு குப்பியில் சரியானது இப்போது மூன்று போட்டும் ஆகவில்லை என்றால் உடனே இன்ஹிபிட்டர் பரிசோதனை கேளுங்கள். அப்படி ஒன்றும் தோன்றாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு தடவையாவது பார்த்துவிடுவது நல்லது, ஏதாவது ஆபரேஷனுக்கு முன்னால் கட்டாயம். இருந்தால் என்ன என்று பயப்பட வேண்டாம், காரணி 8-ஐச் சுற்றிக்கொண்டு வேறு பாதையில் ரத்தத்தை உறைய வைக்கிற மருந்துகள் இருக்கின்றன.

இன்னொன்றும் நிறையப் பேர் மனதில் இருக்கும், நீங்கள் கேட்கவில்லை. ஃபேக்டர் ரத்தத்திலிருந்து எடுப்பதாயிற்றே, எய்ட்ஸ் வருமா? 1980களில் அந்தக் கொடுமை நடந்தது உண்மை, உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான ஹீமோபிலியாக்காரர்களுக்கு எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் சி-யும் தொற்றின. அதன் பிறகு பிளாஸ்மாவிலிருந்து எடுக்கும் ஃபேக்டரைச் சூடாக்கியும் ரசாயனத்தால் சுத்தப்படுத்தியும்தான் தருகிறார்கள். மனித ரத்தமே சேராமல் ஆய்வகத்தில் செல்களை வளர்த்துத் தயாரிக்கும் ஃபேக்டரும் வந்துவிட்டது. எது கொடுத்தாலும் போட்டுக்கொள்ளுங்கள். என்றைக்காவது ஃபேக்டர் இருப்பே இல்லை என்று சொன்னால் ரத்த வங்கியில் கிரையோ (பிளாஸ்மாவை உறைய வைத்துப் பிரித்தெடுக்கும், காரணி 8 உள்ள பகுதி) இருக்கிறதா என்று கேட்கலாம், ஹீமோபிலியா ஏ-க்கு அது அவசரத்துக்கு உதவும். ஹீமோபிலியா பி என்றால் கிரையோவில் பிரயோஜனம் இல்லை, அவர்களுக்கு வேண்டியது காரணி 9.

வீட்டிலேயே போடுவது. கை நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், நடுங்காவிட்டால்தான் ஆச்சரியம், பெற்ற பிள்ளையின் நரம்பில் ஊசி ஏற்றுவதாயிற்றே. ஆனால் உங்கள் ஊரிலிருந்து ராத்திரி பத்து மணிக்கு மேல் பஸ் கிடையாது, தஞ்சாவூருக்கோ திருவாரூருக்கோ கார் பிடித்துப் போய், டூட்டி டாக்டரைப் பார்த்து, ஃபேக்டர் வைத்திருக்கிற அறைச் சாவி வருகிறவரை உட்கார்ந்து, ஊசி ஏறும்போது மூன்று மணி நேரம் ஓடியிருக்கும். வீட்டில் குப்பி இருந்தால் அரை மணி நேரம். இந்த ஒரு காரணத்துக்காகவே நர்ஸ் சொன்னதை நீங்கள் கேட்க வேண்டும். யாரும் முதல் நாளே உங்களைத் தனியாக விடப்போவதில்லை, ஆஸ்பத்திரியிலேயே அவர் பக்கத்தில் நிற்க, அவர் சரி என்று சொல்கிற வரை நீங்கள் போட்டுப் பழகிவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். உங்கள் வீட்டுக்காரரும் கூட வந்து பழகட்டும். ஒருவருக்கு உடம்பு முடியாத நாளில் இன்னொருவர் வேண்டும்.

செய்முறை இப்படிப் போகும். ஃபிரிட்ஜிலிருந்து மருந்துக் குப்பியையும் தண்ணீர்க் குப்பியையும் எடுத்துச் சாதாரணச் சூட்டுக்கு வர விடுங்கள், உள்ளங்கையில் வைத்திருந்தாலே போதும், வெந்நீரில் போட வேண்டாம். சோப்புப் போட்டுக் கை கழுவி, ரப்பர் மூடிகளை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, கூடவே வருகிற இணைப்பு ஊசியை முதலில் தண்ணீர்க் குப்பியில் குத்தி, பிறகு அதைக் கவிழ்த்து மருந்துக் குப்பியில் குத்தினால் உள்ளே இருக்கும் வெற்றிடம் தண்ணீரைத் தானாக இழுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் மருந்துக் குப்பியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள், தண்ணீர் நேராகப் பொடி மேல் விழாமல் கண்ணாடி ஓரமாக இறங்கட்டும். குலுக்கக் கூடாது, இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள், இருமல் டானிக் பாட்டிலைக் குலுக்கிப் பழகிய கை அப்படியே குலுக்கிவிடும், நுரை வந்து மருந்து கெடும். இரண்டு கைக்கு நடுவில் மெதுவாக உருட்டினால் கரைந்துவிடும். கட்டி இருந்தாலோ உள்ளே ஏதாவது மிதந்தாலோ போடாதீர்கள். கலந்த மருந்தை மறுபடி ஃபிரிட்ஜில் வைக்காமல் 3 மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். புறங்கை நரம்பில் சின்ன பட்டர்ஃபிளை ஊசி, ரத்தம் குழாயில் எட்டிப் பார்த்ததும் கட்டிய ரப்பரைத் தளர்த்திவிட்டு நிதானமாக ஏற்றுங்கள், 500 யூனிட்டுக்கு ஐந்து நிமிடமாவது எடுத்துக்கொள்ளுங்கள். ஊசியை எடுத்த பிறகு பஞ்சு வைத்து நன்றாக அழுத்திப் பிடியுங்கள், தேய்க்காதீர்கள். நரம்பு இரண்டு தடவை கிடைக்கவில்லை என்றால் மூன்றாவது தடவை குத்திப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். குத்திய ஊசியை மூடி போட முயலாமல் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, அடுத்த தடவை ஆஸ்பத்திரியில் ஒப்படையுங்கள். குப்பியின் லேபிளில் இருக்கும் பேட்ச் எண்ணை ஒரு நோட்டில் ஒட்டி, தேதி, எந்த மூட்டு, எத்தனை யூனிட், எத்தனை மணிக்கு வலி, எத்தனை மணிக்கு ஊசி என்று எழுதி வையுங்கள். வீட்டுக்கு மேலும் குப்பி தரலாமா என்று யோசிக்கிற டாக்டரிடம் இந்த நோட்டு உங்களுக்காகப் பேசும்.

கரண்ட். குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜ் கதவிலும் வைக்காதீர்கள், மேலே ஐஸ் பெட்டிக்குள்ளும் வைக்காதீர்கள், நடுத் தட்டில் ஒரு மூடிய டப்பாவில் வையுங்கள். உறைந்துபோன ஃபேக்டர் வீண். சில மணி நேரக் கரண்ட் வெட்டுக்கு ஒன்றும் ஆகாது, கதவைத் திறக்காமல் இருந்தால் போதும். பல பிராண்டுகளில் 25 அல்லது 30 டிகிரி வரை சில மாதம் வெளியில் வைக்கலாம் என்று போட்டிருக்கும், உங்கள் பெட்டிக்குள் இருக்கும் தாளில் பாருங்கள், ஆனால் சித்திரை வைகாசியில் நம் ஊர் ஓட்டு வீட்டுக்குள் சூடு 30 டிகிரியைத் தாண்டிவிடும். அப்படி வெளியில் வைத்ததைத் திரும்ப ஃபிரிட்ஜில் வைக்கவும் கூடாது. நம் பக்கத்தில் உண்மையான பயம் ஐப்பசி, கார்த்திகை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, ரோட்டில் மரம் விழுந்து வண்டியும் போகவில்லை. புயல் எச்சரிக்கை வந்தால் முந்தின நாளே அகன்ற வாய் ஃபிளாஸ்க்கும் ஐஸ் பேக்கும் தயார் செய்துகொள்ளுங்கள், ஐஸ் குப்பியில் நேராகப் படாமல் நடுவில் துணி இருக்கட்டும். முடிந்தால் பையனையே கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில் சொந்தக்காரர் வீட்டில் இரண்டு நாள் இருந்துவிடுங்கள்.

இவ்வளவும் கசிவு வந்த பிறகு செய்வது. உங்கள் மகனுக்கு நான் இதோடு நிறுத்த மாட்டேன். கசியாமலே இருப்பதற்காக வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை குறைந்த அளவு ஃபேக்டர் போடலாம், கிலோவுக்கு 10 யூனிட் கணக்கில் 250 யூனிட் குப்பி அவனுக்குப் போதும். அளவு குறைவாகத் தெரியும், ஆனால் வந்த பிறகு போடுவதோடு ஒப்பிட்டால் மூட்டுக் கசிவு நன்றாகவே குறைகிறது, நம் நாட்டில் இந்த முறையில் நிறைய அனுபவம் இருக்கிறது. இன்னொரு வழி எமிசிசுமாப். இது ஃபேக்டர் இல்லை, காரணி 8 செய்ய வேண்டிய இணைப்பு வேலையை அதன் இடத்தில் நின்று செய்கிற மருந்து. நரம்பில் இல்லை, தோலுக்கடியில் போடுவது. முதல் நான்கு வாரம் வாராவாரம், பிறகு வாரம் ஒன்றோ, இரண்டு வாரத்துக்கு ஒன்றோ, நான்கு வாரத்துக்கு ஒன்றோ. இன்ஹிபிட்டர் இருந்தாலும் வேலை செய்யும். விலை கடுமை, ஆகவே உங்கள் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அரசு மூலமாகக் கிடைக்கிறதா என்று நேராகக் கேளுங்கள், கேட்கிறவர்களுக்குத்தான் பட்டியலில் பெயர் ஏறும். அதைப் போட்டுக்கொண்டிருக்கும்போதும் அடிபட்டால் ஃபேக்டர் வேண்டும், வீட்டில் இருக்கும் குப்பியைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். எந்த டாக்டரிடம் போனாலும் எமிசிசுமாப் ஓடுகிறது என்று சொல்லுங்கள், வழக்கமான உறைவுப் பரிசோதனைகள் அதில் தப்பாக நார்மல் காட்டும்.

வேலூர் விஷயம் பொய் இல்லை. சி.எம்.சி.யில் ஜீன் சிகிச்சை ஆய்வு நடந்து, 2024 டிசம்பரில் முடிவுகள் வெளியாயின. கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ள ஐந்து பேருக்கு அவர்களின் சொந்த ஸ்டெம் செல்லை எடுத்து ஜீனைச் சேர்த்துத் திரும்ப ஏற்றினார்கள், நல்ல பலன். ஐந்து பேரும் பெரியவர்கள், அதற்கு முன்னால் எலும்பு மஜ்ஜையைத் துடைக்கிற கடுமையான மருந்தும் கொடுக்க வேண்டும். எட்டு வயதுப் பையனுக்கு இன்றைக்கு அது இல்லை. அவன் பெரியவனாகும்போது வரலாம், அதுவரை அந்த முட்டியைக் காப்பாற்றி வைப்போம்.

எந்த நேரமும் தயங்காமல் ஓட வேண்டியவை நான்கு: தலையில் அடி, கழுத்து தொண்டை வீக்கம், வயிற்று வலி, இடுப்பு மடிப்பில் வலி வந்து காலை நீட்ட முடியாமல் போவது. கடைசியில் சொன்னதைக் குடல்வால் வலி என்று நினைத்து ஆபரேஷன் வரை போகிறவர்கள் உண்டு, உள்ளே தசையில் ரத்தம் கட்டியிருக்கும். தலையில் அடிபட்டால் வாந்தி வரட்டும் பார்க்கலாம் என்று நிற்காதீர்கள், ஸ்கேனுக்குப் பிறகு ஃபேக்டர் என்றும் யாரும் சொல்லக் கூடாது. முதலில் ஃபேக்டர், பிறகு ஸ்கேன். அவனுக்கு அளவு 80 முதல் 100 சதவீதம், அதாவது 1000 யூனிட்டை ஒட்டி. வீட்டில் போட்டுவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். எட்டு வயதில் பால் பல் விழும் காலம் வேறு, அதற்கு டிரானெக்சாமிக் ஆசிட் மாத்திரையே பல நேரம் போதும், டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வையுங்கள். சிறுநீரில் ரத்தம் போனால் மட்டும் அதைக் கொடுக்காதீர்கள்.

பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். கபடி, குத்துச்சண்டை வேண்டாம். நடை, சைக்கிள், நீச்சல் மூன்றும் நல்லது, தசை பலமாக இருந்தால் மூட்டுக் கசிவு குறையும். ஆற்றில் தண்ணீர் வரும்போது குளிக்கட்டும், மதகு மேலிருந்து குதிக்க வேண்டாம். 2016 சட்டத்தில் ஹீமோபிலியா மாற்றுத் திறனாளிகள் பட்டியலில் சேர்ந்துவிட்டது, அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள்.

இனி ஊர் பேசுவது. உங்கள் மகனுக்கு இது சொந்தத்தில் கட்டியதால் வரவில்லை. இந்த ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் பிள்ளைக்கு எக்ஸ் தாயிடமிருந்துதான், தகப்பனிடமிருந்து ஒய் மட்டும்தான் போகிறது. நீங்கள் அத்தை மகனைக் கட்டாமல் வெளியூர் மாப்பிள்ளையைக் கட்டியிருந்தாலும் இதே வாய்ப்புதான். அதற்காக "அப்போ உன்னாலதான்" என்று பேச்சைத் திருப்ப விடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு குடும்பங்களில் முன்னால் யாருக்குமே இருந்ததில்லை, புதிதாக ஏற்பட்ட மாற்றம். யாரும் எதையும் செய்து வரவழைப்பதும் இல்லை.

சொந்தத்தில் கட்டுவது இந்த நோயில் எங்கே இடிக்கும் என்றால் உங்கள் அடுத்த தலைமுறையில். நீங்கள் கடத்தியாக (பிழையுள்ள ஜீனைச் சுமந்து பிள்ளைகளுக்குக் கடத்தக்கூடியவராக) இருந்தால் உங்கள் பெண்ணும் கடத்தியாக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவளுக்கு ஒரு மகள் பிறந்து, நம் வழக்கப்படி "அக்கா மகதானே, தாய்மாமனுக்கே கட்டிடுவோம்" என்று உங்கள் மகனுக்கு முடித்தால், அங்கேதான் பெண் குழந்தைக்கும் முழு நோயாக வரக் கூடும். இதை இப்போதே வீட்டில் சொல்லி வையுங்கள், பிறகு சொன்னால் உறவு கெடும். உங்கள் மகன் கடத்தியாக இல்லாத பெண்ணைக் கட்டினால் அவனுடைய ஆண் பிள்ளைகள் யாருக்கும் வராது, பெண் பிள்ளைகள் எல்லோரும் கடத்திகளாக இருப்பார்கள்.

உங்கள் பெண்ணுக்கு இரண்டு பரிசோதனை. ஒன்று காரணி 8 அளவு, இது இப்போதே வேண்டும். கடத்திகள் சிலருக்கு அளவு 40 சதவீதத்துக்குக் கீழே இருக்கும், அவர்களுக்கு வயதுக்கு வந்த பிறகு மாதவிடாயில் போக்கு அதிகமாகி ரத்தசோகை வரும், பல் பிடுங்கினால் நிற்காது. 12 வயது, எப்போது வேண்டுமானாலும் பெரியவளாகலாம், முதல் தடவையே நிற்காமல் போனால் திருஷ்டி, தீட்டு என்று பேசிக்கொண்டிருக்காமல் காரணம் தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்று ஜீன் பரிசோதனை, அளவு நார்மலாக இருந்தாலும் கடத்தியாக இருக்கலாம் என்பதால். முதலில் உங்கள் மகனின் ஜீனில் எந்த இடத்தில் பிழை என்று கண்டுபிடித்தால்தான் அவளுக்கும் உங்களுக்கும் பார்க்க முடியும். இதற்கு அவசரம் இல்லை, அவள் விவரம் தெரிந்து சம்மதிக்கிற வயதில், கல்யாணப் பேச்சு எடுப்பதற்கு முன்னால் செய்தால் போதும். காரணி அளவுக்கு மட்டும் அடுத்த தடவை தம்பிக்கு ஃபேக்டர் வாங்கப் போகும்போதே அவளையும் கூட்டிப் போங்கள், ஒரு குழாய் ரத்தம்தான், காலை பஸ்ஸுக்குப் போனால் மதியத்துக்குள் திரும்பிவிடலாம்.